இரு விடியல்களின் வான்வழி
(பெர்த் – கொக்கல, 1943–1945)

தொலைவைக் காலத்தால் அளந்து சொல்வது தமிழில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ‘கூப்பிடு தூரம்’ என்பது குரல் சென்று தேயும் எல்லை. ‘ஒரு பகல் நடை’ என்பது கால்கள் ஓயும் எல்லை. வழிநடைக்குக் கட்டுச்சோறு எத்தனை வேளைக்கு வேண்டும் என்று கேட்டே ஊரின் சேய்மையைத் தெரிந்துகொண்ட தலைமுறைகள் வாழ்ந்த மண் இது. காதம் என்ற அளவு ஏட்டில் இருந்தது. மக்கள் நாவில் இருந்தவை நாழிகையும் பொழுதும்தான். மைலும் கிலோமீட்டரும் வந்தபின்னரும், “எவ்வளவு தூரம்?” என்ற வினாவுக்கு “மூன்று மணி நேரம்” என்றே இன்றும் விடை வருகிறது. விடை பிழையன்று. நிலத்தின் மீதுள்ள தொலைவு மாறுவதில்லை; அதைக் கடக்க மனிதன் செலுத்தும் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது. அவ்வாறு மாறும் காலத்துக்குத்தான் வரலாறு உண்டு.

வானூர்தி பற்றி எழுதப் புகுவோர் புறநானூற்றைத் தொட்டுத் தொடங்குவது தமிழ்க் கட்டுரை மரபாகிவிட்டது. இங்கு எடுத்துக்கொள்ளப்படும் செய்திக்கு அந்த முன்னுரை தேவையில்லை. இது முற்றிலும் இருபதாம் நூற்றாண்டின் போர்க்காலச் செய்தி. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரையும் இலங்கையின் தென்கோடியில் காலி நகருக்கு அண்மையிலுள்ள கொக்கல ஏரியையும் இணைத்து, 1943ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை இயங்கிய வான்வழி பற்றியது. இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். அதைக் கடக்க எடுத்த காலம் 27 மணி முதல் 33 மணி வரை. நாழிகைக் கணக்கில் 67 முதல் 82 வரை. இடையில் இறங்க இடமில்லை. உதவிக்குக் குரல் கொடுக்கவும் அனுமதியில்லை.

அறுந்த வழி

இலண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட தொலைவைச் சுருக்கும் முயற்சி முதல் உலகப்போர் முடிந்த கையோடு தொடங்கிற்று. 1919 நவம்பர் 12 அன்று இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களின் விக்கர்ஸ் விமி வானூர்தி டிசம்பர் 10 அன்று டார்வினை அடைந்தது. ஒரு சந்திர மாதக் கணக்கு அது. 1930இல் ஏமி ஜான்சன் என்ற பெண்மணி தன்னந்தனியாக அதே வழியை இருபது நாளுக்குள் கடந்தார். 1935இல் பயணியர் சேவை தொடங்கியபோது பிரிஸ்பேனிலிருந்து இலண்டன் சேர ஏறத்தாழ பன்னிரண்டு நாள் ஆயிற்று. 1938இல் நீரில் இறங்கும் பெரிய பறக்கும் படகுகள் வந்தன. சிட்னியிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குப் பத்து நாள் அளவில் செல்ல முடிந்தது. பகலில் பறப்பதும் இரவில் கரையிறங்கி விடுதியில் உறங்குவதுமாக அமைந்த பயணம் அது. கப்பலின் நிதானமும் பறவையின் வேகமும் கலந்த அந்த முறை செல்வர்களுக்கே உரியதாயிருந்தது.

இந்த வழியின் கழுத்து சிங்கப்பூர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது வழி அறுந்தது. அதற்கு முன்னரே சனவரி 30 அன்று ‘கோரியோ’ என்ற பறக்கும் படகு தைமூர் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 18 பேரில் 13 பேர் மாண்டனர். பிப்ரவரி இறுதியில் ‘சர்சி’ என்ற மற்றொரு படகு தடயமின்றி மறைந்தது. மார்ச் மாதத்தில் சாவகமும் அந்தமானும் கிறிஸ்துமஸ் தீவும் வீழ்ந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டியவர் பசிபிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவைச் சுற்றிச் செல்லும் நிலை ஏற்பட்டது.

எஞ்சியிருந்தது இந்தியப் பெருங்கடல் ஒன்றே. அதன் மீது வான்வழி அமைக்க முடியுமா என்ற வினா போருக்கு முன்னரே எழுந்திருந்தது. 1939 ஜூனில் பி. ஜி. டெய்லர் என்ற ஆஸ்திரேலிய விமானி ‘கூபா’ என்னும் காட்டலினா படகில் போர்ட் ஹெட்லாண்டிலிருந்து கோகோஸ், டியேகோ கார்சியா தீவுகள் வழியாக ஆப்பிரிக்காவின் மொம்பாசா வரை பறந்து வழியை ஆராய்ந்தார். ஆயின், அது தீவு தீவாக இறங்கிச் செல்லும் வழி. 1943இல் தேவைப்பட்டதோ ஒரே மூச்சில் கடக்கும் வழி.

பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டி மிகக் குறுகிய கோடு ஒன்றை வரைந்தால், அதன் நடுப்புள்ளிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வடக்கே கோகோஸ் தீவுகள் அமைந்திருப்பதைக் காணலாம். அத்தீவுகள் நேச நாடுகளின் கையில் இருந்தன. அவற்றுக்கு அப்பால் சுமத்திராவும் சாவகமும் எதிரியின் கையில். ஆகவே பயணத்தின் நடுப்பகுதி இருளில் அமைய வேண்டும் என்பது முதல் விதியாயிற்று. புறப்படும் நேரம் அதற்கேற்பக் குறிக்கப்பட்டது.

எடையின் கணக்கு

குவாண்டாஸ் நிறுவனத்துக்கு இப்பணிக்கென ஐந்து காட்டலினா படகுகள் வழங்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 1,200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு என்ஜின்கள். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டரே அதன் நடைமுறை வேகம். போர்க் கவசமும் பனி நீக்கும் கருவிகளும் கழற்றப்பட்டன. அவற்றின் எடைக்கு ஈடாக எரிபொருள் தொட்டிகள் உள்ளே வைக்கப்பட்டன. புறப்படும்போது சுமக்கும் எரிபொருள் ஏறத்தாழ 9,000 லிட்டர். அதன் எடை மட்டும் ஆறரை டன். அவ்வளவையும் சுமந்து அப்படகு எடுத்துச் சென்ற பயனுள்ள சுமை எவ்வளவு எனில், மூன்று பயணிகளும் 69 கிலோ அஞ்சலுமே. ஒரு மாட்டு வண்டி இதனினும் மிகுதியாக ஏற்றும்.

இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டு நகைப்பது எளிது. அந்த அறுபத்தொன்பது கிலோவின் மதிப்பை எடைக்கல் காட்டாது. கடல்வழி வாரக்கணக்கில் தாமதமாகும் அரசாணைகளும் படைத்தலைமையின் மடல்களும் அந்தப் பையில் சென்றன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்காசியப் படைத்தலைமையைக் கண்டிக்கு மாற்றியபின் இலங்கையுடனான தொடர்பின் அவசியம் மேலும் கூடிற்று.

எடை மிகுந்ததால் வந்த இடர் ஒன்று உண்டு. பயணத்தின் முதற்பகுதியில் இரண்டு என்ஜின்களில் ஒன்று பழுதானால், மற்றொன்றால் அப்படகை வானில் தாங்க இயலாது. எரிபொருள் எரிந்து எடை குறையக் குறையத்தான் ஓரளவு பாதுகாப்பு வரும். புறப்படும் நேரத்தில் மிகுதியாயிருக்கும் ஆபத்து, நெடுந்தொலைவு சென்றபின் குறைகிறது. கரைக்கு அண்மையிலிருப்பதே காப்பு என்ற கடலோடிகளின் பட்டறிவு இங்கே தலைகீழாயிற்று.

விண்மீன்களே துணை

1943 ஜூன் 29 அன்று முதல் பயணம் பெர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கேப்டன் ரஸ்ஸல் டாப் தலைமையில் புறப்பட்டது. வானொலியில் செய்தி அனுப்பினால் எதிரி இருப்பிடம் அறிவான் என்பதால் படகு மௌனம் காத்தது. வழியறிய வானமே ஏடு. பகலில் சூரியனையும் இரவில் விண்மீன்களையும் கோணமானியால் அளந்து, கால அட்டவணையோடு ஒப்பிட்டு, நிலைகாண வேண்டும். கோணத்தில் ஒரு கலை பிசகினால் கடலில் 1.85 கிலோமீட்டர் பிசகும். ஒரு பாகை பிசகினால் 111 கிலோமீட்டர். இலங்கையின் அகலமே 225 கிலோமீட்டர் அளவுதான். இரண்டு பாகைப் பிழை தீவையே தவறவிடச் செய்யும்; தவறவிட்டபின் தேடித் திரிய எரிபொருள் மிகாது.

அந்த ஐந்து படகுகளுக்கும் மாலுமிகள் வழிகாண நம்பும் விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டன: அல்டேர், வேகா, ரிகல், அன்டாரிஸ், ஸ்பைகா. இப்பெயர்களை அயற்பெயராகக் கேட்டுக் கடந்துவிடுதல் தகாது. அல்டேர் என்பது திருவோணம். அன்டாரிஸ் என்பது கேட்டை. ஸ்பைகா என்பது சித்திரை. வேகா என்பது இருபத்தேழுக்குள் இடம்பெறாது தனித்து நிற்கும் அபிசித்து. பஞ்சாங்கத்தில் நாள் பார்க்கத் தமிழ் வீடுகள் சொல்லிவரும் பெயர்கள் இவை. ரிகல் மட்டும் நாண்மீன் வரிசையில் இல்லை. மிருகசீரிடத்தை உள்ளடக்கிய வேட்டுவன் உருவின் காலடியில் ஒளிர்வது.

ஜூன் இறுதியில் அக்கடல்மேல் இரவு வானம் எவ்வாறு இருக்கும் என்பதைக் கணித்தறியலாம். முன்னிரவில் சித்திரை மேற்குநோக்கிச் சாயத் தொடங்கும். கேட்டை ஏறக்குறையத் தலைக்கு மேலே செந்நிறமாக நிற்கும். திருவோணம் கிழக்கில் ஏறிவரும். அபிசித்து வடவானில் தாழ்ந்து தோன்றும். ரிகல் விடியற்கருக்கலில் மட்டும் கீழ்வானில் தலைகாட்டும். முதல் பயணத்தின் இரவில் மேகம் விலகியிருந்த போதெல்லாம், படகுகளுக்குப் பெயர் தந்த ஐந்தில் நான்கு விண்மீன்கள் வழிகாண்பானுக்கு எட்டும் நிலையில் இருந்தன.

இரு விடியல்

இருபத்துநான்கு மணிக்கு மேல் வானிலேயே இருப்பதால் பயணிகள் ஒரே பயணத்தில் கதிரவன் எழுவதை இருமுறை கண்டனர். ‘இரட்டை விடியல்’ என்ற பெயர் இச்சேவைக்கு அதனால் வந்தது. ஒருநாளுக்கு மேல் தொடர்ந்து வானில் இருந்தமைக்குச் சான்றாக ‘இரட்டை விடியல் இரகசியக் கழகம்’ என்ற பெயரில் பட்டயம் ஒன்றும் பயணிகளுக்குத் தரப்பட்டது. போர்க்கால இரகசியத்திலும் விளையாட்டுக்கு இடமிருந்தது போலும்.

இவ்விரு விடியல்களுக்கும் இடைப்பட்ட காலம் இரு திசைகளிலும் ஒன்றன்று என்பது பலரும் கருதிப்பாராதது. பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் தீர்க்கரேகை வேறுபாடு முப்பத்தைந்தரைப் பாகை. பாகைக்கு நான்கு நிமிடமாக 142 நிமிடம். மேற்கே செல்பவர் கதிரவனோடு உடன் ஓடுகிறார். ஆகவே பெர்த்தில் கண்ட விடியலுக்கும் கொக்கலவில் காணும் மறு விடியலுக்கும் இடையே 26 மணிக்கு மேல் செல்லும். கிழக்கே திரும்புபவர் கதிரவனை எதிர்கொண்டு போகிறார். அவருக்கு 22 மணிக்குள்ளாகவே மறுநாள் விடிந்துவிடும். பருவத்தைப் பொறுத்து ஒரு மணி அளவு கூடலாம், குறையலாம். போகும் வழியில் நெடிய நாள். வரும் வழியில் குறுகிய நாள். கடந்த தொலைவு மட்டும் ஒன்றே. தொலைவும் காலமும் ஒன்றையொன்று அளக்கும் என்று நம்பும் மனம் இவ்விடத்தில் சற்றே தடுமாறுகிறது.

கவிஞர்கள் இப்பெயரில் மயங்குவது இயல்பே. எனினும் உள்ளே அமர்ந்திருந்தவர்க்கு அது கவிதையாக இருந்திருக்க வாய்ப்பில்லை. என்ஜின்களின் இரைச்சலும், குளிரும், எரிபொருள் நாற்றமும், கால்நீட்ட இடமின்மையும், கீழே கண்ணுக்கெட்டிய வரை நீரும். இரண்டாம் விடியலை அவர்கள் வரவேற்றது அழகு கருதி அன்று. இன்னும் உயிரோடிருக்கிறோம் என்பதற்கு அதுவே சான்று என்பதால்.

ஏரிக்கரைச் சிற்றூர்

இதுவரை சொன்னவை ஆஸ்திரேலியர் பெருமையுடன் நினைவுகூரும் செய்திகள். வழிக்கு இரண்டு முனைகள் உண்டு. பெர்த் முனை பேசப்பட்ட அளவுக்குக் கொக்கல முனை பேசப்பட்டதில்லை.

கொக்கல ஏரியில் பிரித்தானிய விமானப்படைத் தளம் அமைந்தது போரின் தொடக்க ஆண்டுகளில். 1942 ஏப்ரல் 4 அன்று அத்தளத்திலிருந்து ரோந்து சென்ற கனடியப் படைப்பிரிவின் காட்டலினா ஒன்றுதான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதன் தலைவர் லியனார்ட் பர்ச்சால் செய்தியை அனுப்பி முடிக்குமுன் படகு சுடப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. முன்கூட்டிக் கிடைத்த எச்சரிக்கையால் இழப்பு குறைந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

அத்தளம் வெறும் நீர்ப்பரப்பில் எழுந்ததன்று. கரையில் ஓர் ஊர் இருந்தது. தென்னந்தோப்புகளும் வீடுகளும் வழிபாட்டிடங்களுமாகத் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்த சிங்களச் சிற்றூர். படைத்தேவைக்கென மிகக் குறுகிய அவகாசத்தில் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டு ஓடுபாதையும் கொட்டகைகளும் எழுந்தன. 5,650 கிலோமீட்டர் வானத்தைக் கடந்து வந்தவர்கள் இறங்கிய கரையில், ஊரார் தம் வீட்டு வாயிலுக்குச் செல்லும் சில நூறு அடித் தொலைவைக் கடக்க முடியாதவராயினர். போருக்கு அத்தளம் இன்றியமையாதது என்பதை மறுப்பதற்கில்லை. அதன் விலையைத் தந்தவர்கள் பட்டியலில் இல்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவ்வூரிற் பிறந்தவர் மார்ட்டின் விக்கிரமசிங்க. 1890இல் பிறந்து, நவீன சிங்கள உரைநடைக்குத் தலைமகனாக மதிக்கப்பெற்ற அவரின் ‘கம்பெரலிய’ புதினம் 1944இல் வெளிவந்தது. காட்டலினாக்கள் அவர் ஊர் ஏரியில் இறங்கி எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டு. தென்னிலங்கைக் கிராமம் ஒன்றின் பழைய வாழ்க்கை முறை மெல்லக் குலைந்து, வணிக வகுப்பு தலையெடுப்பதைச் சித்திரிக்கும் நூல் அது. விமானத்தளத்தையும் அப்புதினத்தையும் நேருக்கு நேர் முடிச்சிட்டுவிடும் ஆசை திறனாய்வாளர்க்கு எழும். அது பொருந்தாது, புதினம் காட்டும் காலம் போருக்கு முற்பட்டது, அதில் சிதைவைக் கொணர்வது பணமேயன்றிப் படையன்று. ஆயினும் தான் பிறந்த ஊர் மண்ணோடு மண்ணாகிய ஆண்டுகளில், அவ்வூரை ஒத்த ஒரு கிராமத்தை அவர் எழுத்தில் கட்டி எழுப்பினார் என்ற உண்மை தானே நிற்கிறது. அவர் பிறந்த வீடு தப்பிப் பிழைத்தது. பின்னாளில் அதைச் சூழ்ந்து நாட்டார் வழக்காற்று அருங்காட்சியகம் ஒன்று உருவாயிற்று. இடிபட்ட வீடுகளில் இருந்தவை போன்ற உழவுக் கருவிகளும் பானை சட்டிகளும் இன்று அங்கே கண்ணாடிப் பேழைகளில் உள்ளன.

சுருங்கிய காலம்

1944 ஜூனில் லிபரேட்டர் என்னும் நான்கு என்ஜின் தரைவிமானங்கள் இப்பணியில் சேர்ந்தன. அவை பெர்த்துக்கு வடக்கே எக்ஸ்மவுத் வளைகுடாவை ஒட்டிய லியர்மவுத்திலிருந்து எழுந்து கொழும்புக்கருகே இரத்மலானையில் இறங்கின. நேரம் 17 மணி அளவாகக் குறைந்தது. இரண்டு விடியல் என்ற சிறப்பு அவற்றுக்கு இல்லை. குவாண்டாஸின் கங்காரு முத்திரை வானூர்தி உடலில் முதன்முதல் தீட்டப்பெற்றது இந்த லிபரேட்டர்களில்தான்.

காட்டலினாக்களின் சேவை 1945 ஜூலையில் முடிந்தது. அதுவரை 271 கடப்புகள். ஓர் உயிர்கூட இழக்கப்படவில்லை. ஆயுதமின்றி, வானொலியின்றி, எதிரியின் வான்பரப்பை ஒட்டி இரண்டு ஆண்டு பறந்தவர்களின் கணக்கில் இதைவிடப் பெரிய எண் வேறில்லை.

1947 டிசம்பரில் கான்ஸ்டலேஷன் விமானங்கள் சிட்னி–இலண்டன் வழியை நான்கு நாளில் கடக்கத் தொடங்கின. வழி மீண்டும் சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி என்று பழைய தடத்துக்கே திரும்பிற்று. பின்னர் ஜெட் விமானங்கள் வந்தன. 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து இலண்டனுக்கே இடைநில்லாச் சேவை தொடங்கிற்று: 14,498 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி. லிபரேட்டர் லியர்மவுத்திலிருந்து இலங்கையைத் தொட எடுத்த அதே நேரத்தில், அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குத் தொலைவு.

2019 நவம்பரில் இலண்டனிலிருந்து சிட்னிக்குச் சோதனைப் பயணம் ஒன்று நடந்தது. ஏறத்தாழ 17,800 கிலோமீட்டர். 19 மணி 19 நிமிடம். அதில் சென்ற ஐம்பது பேர் அளவினரும் இருமுறை கதிரவன் எழக் கண்டனர். கிழக்கு நோக்கிய விரைந்த பயணமாதலின், 24 மணி ஆகாமலே அவர்களுக்கு அது வாய்த்தது. அம்முயற்சிக்கு நிறுவனம் இட்ட பெயரும் ‘விடியல் திட்டம்’ என்பதே. பழைய காட்டலினாக்களின் நினைவில் வந்த பெயர். ஆயினும் பயணியர் சேவையில் ஒரு வானூர்தி தொடர்ந்து வானில் நின்ற நேரத்துக்கான பதிவு இன்னும் காட்டலினாவிடமே உள்ளது: 32 மணி 9 நிமிடம். மெதுவாகச் சென்றதால் கிடைத்த பதிவு அது. முறியடிக்க எவரும் விரும்பாதது.

அந்த ஐந்து படகுகளில் ஒன்றும் எஞ்சவில்லை. அமெரிக்காவின் கடன்–குத்தகை ஏற்பாட்டின்படி வந்தவை ஆதலின், போர் முடிந்தபின் அவற்றை வணிகப் பயனுக்குக் கொள்ள இயலாது போயிற்று. கருவிகள் கழற்றப்பட்டு, கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டு மூழ்கடிக்கப்பட்டன. பெரும்பாலானவை கிடப்பது பெர்த்துக்கு எதிரேயுள்ள ராட்னெஸ்ட் தீவை அடுத்த கடலடியில். கொக்கலவிலிருந்து இரண்டாம் விடியலில் வந்தவர்கள் கரையைத் தேடிக் கண்களைக் குவித்த அதே நீர்ப்பரப்பின் கீழ்.